குதிங்காலுக்குச் சீதனம்

ஏலே மக்கா, குதிங்கால் வலிக்குன்னு என்னத்தையெல்லாம் வாங்கி அடுக்கியிருக்க! ஜெல் பேடு, சிலிக்கான் உறை, ராத்திரி மாட்டிக்கிட்டுத் தூங்க ஒரு பட்டை, ஆயிரக்கணக்குல விலை சொல்லுத செருப்பு. பொண்ணக் கட்டிக்குடுத்தாக்கூட இம்புட்டுச் சீதனம் போவாதுலே. வலி விட்டுச்சா?

எக்ஸ்ரேய வேற ஊரெல்லாம் காட்டிக்கிட்டு அலையுத. "தாத்தா, எலும்புல முள்ளு வளந்திருக்கு"ங்க. வளந்துட்டுப் போட்டுமே! வலியே இல்லாம ஓடித் திரியுதவன்ல எத்தனையோ பேருக்கு அந்த முள்ளு இருக்கு. குதிகால் எலும்புலருந்து விரல் வரைக்கும் அடிப்பாதத்துல பட்டையா ஒரு நாரு ஓடுது. நோவு அங்கன. காலையில முத எட்டு வைக்கயில உசுரு போவும், நாலு எட்டு நடந்தா தணியும். சரிதானே? ஜாதகம் பாத்துச் சொல்லலடே. இந்த நோவோட குணமே அதுதான்.

ஏன் வந்துச்சு? தெருமுனைக் கடைக்கே பைக்குல போன பய, வாட்சு சொல்லுச்சுன்னு திடீர்னு பத்தாயிரம் எட்டு நடந்தா? வீட்டுக்குள்ள கிரானைட்டுத் தரை, வெறுங்காலு. கெண்டைக்காலு இறுகிக் கெடக்கு. ஒந் தொந்தியும் அந்தக் குதிங்கால் தலையிலதான். அதுகிட்ட ஒரு வார்த்த கேட்டியாலே?

பிசியோதெரபிப் பிள்ள என்ன சொல்லுச்சு? கட்டில விட்டு எறங்குததுக்கு முந்தி, கால்மேல கால் போட்டு, விரலெல்லாம் பிடிச்சு மேல்பக்கமா வளைச்சு பத்து எண்ணு. பத்து தடவ. நாளைக்கு மூணு வேள. பொறவு படிக்கட்டு. துண்டச் சுருட்டி விரலுக்கு அடியில வை, குதிங்காலு படிக்கு வெளிய நிக்கட்டும். மூணு எண்ணி ஒசத்து, ரெண்டு எண்ணி நில்லு, மூணு எண்ணித் தாழ்த்து. ஒருநாள் விட்டு ஒருநாள். 2014-ல டென்மார்க்குக்காரவுக வெளியிட்ட ஆராய்ச்சியில, வெறுமன விரல வளைச்சவுகளவிட இப்படிச் செஞ்சவுக மூணாம் மாசத்துல நல்லாத் தேறியிருந்தாவ.

"இவ்வளவுதானா?"ன்னு மூஞ்சியச் சுளிக்க. செலவு வைக்காத வைத்தியத்துல ஒனக்கு நம்பிக்க ஏது? ஊசி போட்டா கொஞ்ச வாரம் சொகம். அதுல நாரு அறுந்து போனவுகளும் உண்டு. பெரும்பாலான ஆளுகளுக்குக் கத்தி படாமலே ஒரு வருசத்துல சரியாயிரும். நீயோ மூணு நாள் செஞ்சுட்டு, நாலாம் நாளு புதுச் செருப்பு தேடுத. மரத்துப்போனா, வீங்குனா, ராத்திரி படுத்தும் வலிச்சா டாக்டரப் பாரு, அது வேற சங்கதி.

இல்லன்னா ஒரு துண்ட எடு. வீட்டுலயே இருக்கா? அப்ப செருப்புக்கு வச்ச காச எங்கிட்ட குடு. பக்கத்துல ஒக்காந்து எண்ணுத வேலைய நான் பாத்துக்கிடுதேன். குதிங்கால ஒசத்துதது மட்டும் நீயி!