டெயா, ஹெட்டா?

கொடைக்கானல் நாயுடுபுரத்து இளைஞர் ஒருவர், ஊர் சுற்ற வந்த நெதர்லாந்துப் பெண்ணைக் கைப்பிடித்தார். தாலி கட்டுவது சுலபமாக முடிந்தது. மனைவியின் ஊரில் குடியேறத்தான் பாடாய்ப் படுகிறார். வாழ்க்கைத் துணையாக வருகிறவர்கள் விசாவுக்கு முன்பே தூதரகத்தில் டச்சுத் தேர்வு எழுத வேண்டும் என்பது அங்கே 2006 முதல் நடைமுறை. கேட்பது ஏ1 என்ற அரிச்சுவடி நிலைதான்.

அந்த அரிச்சுவடியிலேயே, ஆங்கில 'தி' (the) மாதிரி பெயருக்கு முன்னால் நிற்கும் 'டெ', 'ஹெட்' என்று இரண்டு பேர் வழிமறிக்கிறார்கள். பெயர்ச்சொல் எதுவானாலும் இந்த இருவரில் ஒருவருக்குச் சொந்தம். மலை டெ: 'டெ பெர்க்'. ஏரி ஹெட்: 'ஹெட் மேர்'. ஏன்? 1863இல் கொடை ஏரியை உருவாக்கிய லெவிஞ்சு துரையே எழுந்து வந்தாலும் பதில் கிடைக்காது, உருப்போட வேண்டியதுதான். இதில் சிறுமியும் ஹெட், 'ஹெட் மெய்ஷ'. வளர்ந்து பெண்மணியானால்தான் 'டெ ஃப்ரௌ'. நம்மவர் இதற்கு மட்டும் அசரவில்லை. "புள்ள பள்ளிக்கூடம் போயிருச்சு" என்று தினமும் பேசுகிற வீடு.

வினைச்சொல் வாக்கியத்தில் இரண்டாவது இடத்தை விட்டு நகராது. ஆனால் 'ஏனென்றால்' என்ற பொருளில் 'ஓம்டாட்' வந்துவிட்டால், தமிழைப் போலவே கடைசியில் போய் உட்கார்ந்துகொள்ளும். சில வினைகள் உடையவே செய்யும். 'ஒப்ஸ்டான்' என்றால் எழுந்திருப்பது. "இக் ஸ்டா ஓம் ஸெஸ் யூர் ஒப்": ஆறு மணிக்கு எழுகிறேன். முன்பாதி கடைசிக்குப் போய்விட்டது! வத்தலக்குண்டில் பஸ்ஸைத் தவறவிட்ட மச்சான் அடுத்த பஸ்ஸில் வந்து சேர்கிற மாதிரி, நடுவில் எத்தனை சொல் இருந்தாலும் அந்த 'ஒப்' வரும்வரை காத்திருக்க வேண்டும்.

மணி கேட்டால் 'ஹல்ஃப் ஸேவன்'. ஸேவன் என்றால் ஏழு. ஆனால் மணி ஏழரை அல்ல, ஆறரை. ஏழரையைக் கண்டு பயந்தே வளர்ந்தவருக்கு இதில் கொஞ்சம் நிம்மதி.

கடைசியில் ஒரு குறுக்குவழி சிக்கியது. எந்தப் பெயரோடும் 'யெ' சேர்த்துக் குட்டியாக்கினால் அது கண்டிப்பாக ஹெட். ஆம்பளைகூட 'ஹெட் மன்னெட்ய'தான். பிறகென்ன, கண்டதையெல்லாம் குட்டியாக்கினார். வீடியோ அழைப்பில் மாமியாரிடம், 7,000 அடி உயரக் கொடைக்கானலை 'ஹெட் பெர்க்ய', அதாவது குட்டி மலை என்று அறிமுகம் செய்தார். மாமியார் மரியாதைக்குத் தலையாட்டினார். ஐரோப்பாவில் உள்ள நெதர்லாந்துப் பகுதியிலேயே உயரமான இடம் வால்ஸர்பெர்க். உயரம் 322 மீட்டர். அதை அவர்கள் குட்டியாக்கவில்லை. முழு 'பெர்க்' என்றே வைத்திருக்கிறார்கள்.