பக்கத்து வீட்டு மாக்சிக்கும் என் டர்போவும்

கிள்ளானில் பனி பெய்ததாக வரலாறு இல்லை. ஆனால் என் வண்டியில் அதற்கென்று ஒரு பட்டன் இருக்கிறது. அமுக்க அமுக்க டார்மாக், கிராவல், ஸ்நோ என்று மாறும். தார்ச்சாலை, சரளை, பனி. முன் சக்கரங்களுக்கும் பின் சக்கரங்களுக்கும் நடுவில் உள்ள டிஃபரென்ஷியலை எவ்வளவு இறுக்குவது, எப்போது தளர்த்துவது என்பதை அந்தப் பட்டனைப் பார்த்துத்தான் வண்டி முடிவு செய்யும். எங்கள் தாமானில் இருப்பதோ நான்காவது வகைச் சாலை. பள்ளம். அதற்குப் பட்டன் வைக்கவில்லை.

இன்னொரு பட்டன் இன்டர்கூலர் மேல் தண்ணீர் தெளிக்கும். டர்போ காற்றை அமுக்கும்போது காற்று சூடாகிறது, சூடான காற்று விரிந்துகொள்கிறது, அதனால் எஞ்சினுக்குள் போகுமுன் அதைக் குளிரவைக்க வேண்டும் என்று மாமியாரிடம் பத்து நிமிடம் விளக்கினேன். “மூஞ்சி கழுவி விடுதா?” என்றார். அதேதான்.

வண்டி லான்சர் எவல்யூஷன் 7. 2001-இல் வந்த மாடல், இரண்டு லிட்டர், 280 குதிரைத்திறன். ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியருக்கு இவ்வளவு குதிரைகள் எதற்கு என்று வண்டி வாங்கிய அன்றே என் மனைவி கேட்டாள். நான் வம்சத்தைச் சொன்னேன். அந்தக் காலத்து ரேலி விதிப்படி, பந்தயத்துக்குப் போகும் காரைப் பொதுமக்களுக்கும் விற்றாக வேண்டும். ஒன்று இரண்டு அல்ல, 2,500. அப்படி 1992-இல் பிறந்தது முதல் எவோ. பின்லாந்துக்காரர் டொம்மி மாக்கினன் இந்தக் குடும்பத்து வண்டிகளை ஓட்டித்தான் 1996 முதல் 1999 வரை நான்கு ஆண்டும் உலகப் பட்டம் வாங்கினார். அவ்வளவு ஏன், நம் நாட்டு கரம்ஜித் சிங் 2002-இல் புரோட்டான் பெர்ட் ஓட்டி உற்பத்திக் கார்களுக்கான உலக ரேலிப் பட்டத்தை வென்றாரே, அந்த பெர்ட்டின் உடம்புக்குள் இருந்ததும் எவோதான்.

“அவங்க கார ரிப்பேர் பண்றது யாரு?” என்றாள்.

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். ரேலியில் கார் வந்து நின்றதும் ஒரு கூட்டமே அதன் அடியில் பாயும். இருபது நிமிடத்துக்குள் கியர்பாக்ஸையே கழற்றி மாற்றிவிடுவார்கள். விதி வண்டியைத்தான் விற்கச் சொன்னது. அந்தக் கூட்டத்தையும் சேர்த்து விற்கச் சொல்லவில்லை. எனக்கு வாய்த்தது ஒரே ஒரு போமன். சீனர், அறுபது வயது தாண்டியவர். முதல் நாள் பானட்டைத் திறந்து வெகுநேரம் பார்த்துவிட்டு, “போஸ், கெரேதா சுடா துவா லா” என்றார். வண்டிக்கு வயதாகிவிட்டது என்பது சேதி. சொன்ன தொனியோ, பிள்ளைகளுக்குத் தகவல் சொல்லி வரவழைக்கும் டாக்டருடையது.

வண்டி மேல் குற்றமில்லை. இருபது வருடத்து ரப்பர் இருபது வருடத்து ரப்பராகத்தான் இருக்கும். எனக்கு முன்னால் வைத்திருந்தவர் என்ன செய்தார், என்ன செய்யாமல் விட்டார் என்பதற்குக் கணக்கும் இல்லை. எல்லாவற்றையும் வடித்து மாற்றிவிடுங்கள் என்றேன். அதற்குப் பிறகுதான் எத்தனை ‘எல்லாம்’ என்று தெரிந்தது. எஞ்சின் ஆயில், கியர்பாக்ஸ் ஆயில், டிரான்ஸ்ஃபர் கேஸ் ஆயில், பின் டிஃபரென்ஷியல் ஆயில், டிஃபரென்ஷியல்களை ஆட்டுவிக்கும் பம்புக்குத் தனி ஆயில், பிரேக், கிளட்ச், பவர் ஸ்டியரிங், கூலண்ட். எண்ணிப் பார்த்தால் ஒன்பது. நவக்கிரகம். அவற்றைப் போலவே இவையும் ஒன்றை ஒன்று பார்க்கக்கூடாது. இடம் மாற்றி ஊற்றினால் தோஷம். பரிகாரச் செலவு வெள்ளியில் நான்கு இலக்கம்.

டைமிங் பெல்ட்டைப் பற்றிப் போமன் சொன்னதை மனைவியிடம் இன்றுவரை சொல்லவில்லை. உள்ளே பெல்ட் இரண்டு. பெரியது வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட வைப்பது. சின்னது எஞ்சினின் அதிர்வைக் குறைக்கச் சுழலும் தண்டுக்கானது. அது இல்லாமலும் வண்டி ஓடும். ஆனால் அந்தச் சின்னது அறுந்தால் பேசாமல் கீழே விழாது. போய்ப் பெரியதில் சிக்கி அதையும் இழுத்துவிடும். பிறகு பிஸ்டனும் வால்வும் முட்டிக்கொள்ளும், எஞ்சின் போய்விடும். குடும்பங்களிலும் அப்படித்தானே, சம்பந்தமே இல்லாத ஒன்றுவிட்ட சித்தப்பாவால்தான் கல்யாணம் நிற்கிறது. இரண்டையும் மாற்றினேன்.

மாக்சிக் கதைக்கு வருகிறேன். என் வண்டியில் டர்போ டைமர் உண்டு. ஓடிக் களைத்த டர்போ நெருப்பாய்ச் சூடாக இருக்கும். சட்டென்று எஞ்சினை நிறுத்தினால் எண்ணெய் ஓட்டம் நின்று, உள்ளே இருப்பது கருகிப்போகும். அதனால் சாவியை எடுத்துக் கதவைப் பூட்டிய பிறகும் எஞ்சின் இரண்டு நிமிடம் தானாக ஓடிவிட்டு நிற்கும். முதல் நாள் சாயங்காலம் நான் பூட்டிவிட்டு வீட்டுக்குள் போனதும், நாங்கள் மாக்சிக் என்று கூப்பிடும் பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா வேலியோரம் வந்து கத்தினார்: “அடேக், கெரேதா தா மாத்தி லாகி!” வண்டி இன்னும் அணையவில்லை என்கிறார். மலாயில் அணைவதற்கும் சாவதற்கும் ஒரே சொல்தான். டைமரைப் பற்றி எனக்குத் தெரிந்த மலாயில் விளக்கினேன். பொறுமையாகத் தலையாட்டினார். மறுநாளும் வந்து கத்தினார். இரண்டு வருடமாக ஒரு நாள் தவறியதில்லை. ‘வண்டி இன்னும் சாகவில்லை’ என்பதை நானும் தினசரி ஆசீர்வாதமாக எடுத்துக்கொள்ளப் பழகிவிட்டேன்.

பள்ளி விடுமுறையில் வண்டி மந்தமானது. மிதித்தால் ‘ஸ்ஸ்ஸ்’ என்று எங்கோ காற்று போகும் சத்தம். எல்லாவற்றுக்கும் போமனிடம் போக முடியுமா? நானே இறங்கினேன். வழி எளிதுதான். பிவிசி குழாய் மூடி ஒன்றில் டயர் வால்வைச் செருகி, அதை டர்போவின் வாயில் கட்ட வேண்டும். டயருக்கு அடிக்கும் பம்பால் காற்றைச் செலுத்திவிட்டு, இணைப்புகள் எல்லாவற்றிலும் சோப்புத் தண்ணீர் தெளிக்க வேண்டும். எங்கே நுரை பொங்குகிறதோ அங்கே ஓட்டை. மனைவியின் பாத்திரம் கழுவும் சோப்பு பாதிப் போத்தல் தீர்ந்தது. வண்டியிலிருந்து எலுமிச்சை வாசனை. கடைசியில் ஒரு வெடித்த ரப்பர் குழாய் அகப்பட்டது. இரண்டு விரல் நீளம்கூட இல்லை. அதை மாற்றி, கழற்றிய கிளாம்புகளை ஒவ்வொன்றாக முடுக்கிக்கொண்டிருந்தபோது சாப்பிடக் கூப்பிட்டார்கள். மீன் குழம்பு. வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று போனேன். வந்து பார்க்கவில்லை.

அந்த வார இறுதியில் குடும்பத்தோடு கெந்திங் மலைக்குப் புறப்பட்டோம். ஏற்றம் வந்தது. இரண்டு வருடத்தில் முதல்முறையாக மனைவி முகத்தில் ஒரு மரியாதை தெரிந்தது. “நல்லாத்தான் இழுக்குது” என்றாள். இன்னும் கொஞ்சம் மிதித்தேன்.

‘டுப்’.

கரும்புகை. எஞ்சின் நின்றுவிட்டது. இன்டர்கூலர் குழாய் கழன்றிருந்தது. மீன் குழம்புக்காக நான் விட்டுப்போன கிளாம்ப். இந்த எஞ்சின் உள்ளே வரும் காற்றை வாசலிலேயே அளந்து, அதற்கேற்பப் பெட்ரோலைப் பீச்சும். நடுவில் குழாய் கழன்றால் அளந்த காற்று தெருவுக்குப் போய்விடும், பெட்ரோல் மட்டும் வந்து சேரும். பந்தியில் சோறு வைக்காமல் சாம்பாரை மட்டும் வாளியோடு கவிழ்த்த மாதிரி.

1998-ஆம் ஆண்டின் கடைசி உலக ரேலி நினைவுக்கு வந்தது. பிரிட்டனில் நடந்தது. மாக்கினன் வண்டி உடைந்து முதல் நாளே வெளியேறிவிட்டார். பட்டம் கார்லோஸ் சைன்ஸுக்குத்தான் என்று எல்லாரும் எழுதிக்கொண்டார்கள். கடைசிச் சுற்றின் முடிவுக்குச் சில நூறு மீட்டர் இருக்கையில் சைன்ஸின் எஞ்சின் செத்தது. பக்கத்து இருக்கையிலிருந்த லூயிஸ் மோயா, எப்படியாவது ஸ்டார்ட் பண்ணு என்று மன்றாடினார். ஆகவில்லை. ஹெல்மெட்டை வீசிப் பின் கண்ணாடியை உடைத்தார். பட்டம் மாக்கினனுக்குப் போனது.

“இன்னொரு தடவ ஸ்டார்ட் பண்ணிப் பாருங்க” என்றாள் மனைவி. மடியில் எலுமிச்சைச் சாதம் வைத்த எவர்சில்வர் டப்பா இருந்தது. அவள் பின் கண்ணாடியை ஒரு முறை திரும்பிப் பார்த்தாள் என்பது மட்டும் உண்மை.

குழாய் இருப்பது பம்பருக்கு அடியில். ஜாக்கி வைத்துத் தூக்கினால் அரை மணி வேலை. ஜாக்கி வீட்டில். எடை குறைந்தால் வண்டி பறக்கும் என்று பின்பெட்டியைக் காலி செய்திருந்தேன்.

“எவ்வளவு எடை குறைஞ்சிச்சு மாப்ள?” என்று பின் இருக்கையிலிருந்து மாமியார் கேட்டார். அவர் பக்கத்தில் இரண்டு பிள்ளைகள், கம்பளிகள், ஐந்து லிட்டர் தண்ணீர்ப் போத்தல்.

இழுவை லாரியின் முதுகில் ஏறி எவோ தாமானுக்குள் நுழைந்தபோது சாயங்காலம் ஆகிவிட்டது. சத்தமில்லாமல் இறக்கி வைத்தார்கள். மாக்சிக் வேலியோரம் வந்து காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். ஒரு நிமிடம். இரண்டு நிமிடம்.

“கெரேதா சுடா மாத்தி?”

“மாத்தி, மாக்சிக்.”

“பகுஸ்”, நல்லது என்று சொல்லி, நிம்மதியாக உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.