பரனூரில் பட்டத்துக்குக் கட்டணம் இல்லை

மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசுப் பாறை முன்னால் நின்று, யானைகளையும் பொய்த்தவம் செய்யும் பூனையையும் பார்த்து முடித்தபின் கொஞ்சம் கழுத்தைத் தூக்குங்கள். மேலே ஜோடி ஜோடியாகக் கந்தர்வர்கள் பறந்துகொண்டிருப்பார்கள். முழங்கால் மடங்கி, பாதம் பின்னால் போய், மார்பு முன்னே தள்ளியிருக்கும். பட்டத்தை இடுப்பில் மாட்டிக்கொண்டு பலகையில் நின்று கடலில் சறுக்குகிறவர்கள், அலைமேல் எம்பும்போது கொடுக்கும் போஸ் இதேதான். ‘ஏழாம் நூற்றாண்டிலேயே பல்லவர்கள் கைட்சர்ஃபிங் செய்தார்கள், வெள்ளைக்காரன் திருடிக்கொண்டான்’ என்று எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் இதுவரை வராதது எனக்கு ஆச்சரியம்தான். இதைப் படித்துவிட்டு யாராவது ஆரம்பித்துவைத்தால் நான் பொறுப்பில்லை. அந்தக் கட்சிக்கு ஒரே ஒரு இடைஞ்சல்: கந்தர்வர்கள் கையில் கயிறு கிடையாது.

கயிறு இல்லாமல் பறப்பது சுலபம். வம்பெல்லாம் கயிறு கட்டிய பிறகுதான். பட்டத்தைக் கொண்டு தன்னை இழுக்கவைத்த மனிதனின் சரித்திரம் முழுவதும், ‘போதும், நிறுத்து’ என்று காற்றிடம் சொல்லத் தெரியாமல் முழித்த சரித்திரம்.

ஆரம்பித்தவர் ஒரு வாத்தியார். இங்கிலாந்தில் பிரிஸ்டல் ஊர்க்காரர், பெயர் ஜார்ஜ் போகாக். பையன்களை அடித்து அடித்துக் கை வலித்ததோ என்னவோ, அடிப்பதற்கென்றே ஓர் இயந்திரம் கண்டுபிடித்த மகான். 1820களில் அவர் தம் மகள் மார்த்தாவை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, நாற்காலியைப் பட்டத்தில் கட்டி, 270 அடி உயரத்துக்கு அனுப்பினார். அந்தப் பெண் பத்திரமாகத் தரைக்கு வந்தாள். வராமல் போயிருந்தால் கிரிக்கெட்டுக்குப் பெரிய நஷ்டம், தாடிக்கார டபிள்யூ. ஜி. கிரேஸ் அவள் வயிற்றுப் பிள்ளை. அவுட் கொடுத்தாலும் நகரமாட்டார் என்று கிரேஸைப் பற்றி எத்தனையோ கதைகள். அம்மா ஆகாயத்தை விட்டே இறங்கினாள், பிள்ளை ஆடுகளத்தை விட்டு இறங்கவில்லை.

1826இல் போகாக் குதிரையில்லாத வண்டிக்குக் காப்புரிமை வாங்கினார். பெயர் சார்வோலன்ட். முன்னால் இரண்டு பட்டம், பின்னால் வண்டி, இடையில் நான்கு கயிறு. இந்த நான்கு கயிறுதான் சமாச்சாரம். பட்டத்தை எந்தச் சாய்வில் நிறுத்தினால் எவ்வளவு இழுக்கும் என்பதைக் கயிற்றால் கூட்டலாம், குறைக்கலாம் என்று அந்த ஆளுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது. வண்டி ஒருமுறை குளோஸ்டர் கோமகனின் கோச்சை முந்திவிட்டதாம். ராஜ குடும்பத்தை முந்துவது மரியாதைக்கேடு என்பதால், ஓரங்கட்டி நின்று அவரை முன்னே போகவிட்டார்களாம். அதைவிட அழகு சுங்கச்சாவடிக் கதை. அன்றைய இங்கிலாந்தில் எத்தனை குதிரை பூட்டியிருக்கிறது என்று எண்ணித்தான் சுங்கம். இந்த வண்டியில் குதிரையே இல்லை. எண்ணுகிறவன் எதை எண்ணுவான்? சும்மா விட்டுவிட்டான். பொங்கலுக்கு முந்தின ராத்திரி செங்கல்பட்டு பரனூர் சுங்கச்சாவடியில் நத்தையாக ஊர்ந்தவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அங்கே கட்டணப் பலகையில் கார் இருக்கிறது, பஸ் இருக்கிறது, எத்தனை அச்சு லாரி என்பது வரை இருக்கிறது. பட்டம் பூட்டிய வண்டி இல்லை. ஃபாஸ்டேக்கை எங்கே ஒட்டுவது என்று அவர்கள் யோசித்து முடிப்பதற்குள் திண்டிவனம் வந்துவிடும்.

அடுத்தவர் சாமுவேல் கோடி. அமெரிக்கக் கௌபாய் வேஷக்காரர், நீண்ட முடி, முறுக்கு மீசை. 1903 நவம்பரில் ஒரு படகைப் பட்டத்தில் பூட்டி, காலேயிலிருந்து ஆங்கிலக் கால்வாயைத் தாண்டி டோவருக்கு வந்தார். 13 மணி நேரம் ஆயிற்று. முதலில் டோவரிலிருந்துதான் கிளம்பப் பார்த்தார், காற்று ஒத்துக்கொள்ளவில்லை. காற்று எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம்தான் நமக்கும் ஜோலி என்று முடிவுசெய்து எதிர்க்கரைக்குப் போய்விட்டார். அரசியலில் இறங்கியிருந்தால் இன்னும் நன்றாக வந்திருப்பார்.

இந்த விஷயத்தில் தமிழர்கள் சும்மா இருந்தார்கள் என்று நினைக்க வேண்டாம். யாழ்ப்பாணம் வல்வெட்டித்துறையில் தைப்பொங்கலன்று பட்டப் போட்டி நடக்கும். ஆள் உயரத்தை எளிதில் தாண்டும் பெட்டிப் பட்டம், கொக்குப் பட்டம் எல்லாம் வாடைக்காற்றில் ஏறும். பட்டத்தை வாலோ காகிதமோ பறக்கவைப்பதில்லை, முச்சைதான் பறக்கவைக்கிறது. சென்னை மொட்டைமாடியில் அதற்குச் சூத்திரம் என்று பெயர். மேலே ஒரு முடிச்சு, கீழே ஒரு முடிச்சு, இரண்டும் சேரும் இடத்தை ஒற்றை விரலில் தொங்கவிட்டுப் பார்த்து, அரை விரற்கடை தள்ளிக் கட்டுவான் பையன். அந்த அரை விரற்கடையில் பட்டம் சாதுவாகவும் ஆகும், ராட்சசனாகவும் ஆகும். 2021 டிசம்பரில் பருத்தித்துறைப் பக்கம் ராட்சசனே வந்தான். ஒரு கூட்டம் சேர்ந்து கயிற்றைப் பிடித்திருந்தது, பட்டம் விறுவிறென்று ஏறியது, மற்றவர்கள் விட்டுவிட்டார்கள், ஒருவர் மட்டும் விடவில்லை. ஏறத்தாழ 40 அடி உயரத்தில் தொங்கினார். கீழே இருந்தவர்கள் விடச்சொல்லிக் கத்தினார்கள். மேலே இருப்பவருக்கு அது அவ்வளவு கவர்ச்சியான யோசனையாகப் பட்டிருக்காது. பட்டம் கொஞ்சம் தாழ்ந்தபின் விழுந்து, பெரிய சேதமில்லாமல் பிழைத்தார். போகாக் காப்புரிமையை முன்கூட்டியே படித்திருந்தால் நாலு கயிறு கட்டியிருப்பார்கள்.

கோடிக்குப் பிறகு, 1948இல் ஃபிரான்சிஸ் ரொகல்லோ என்ற பொறியாளர், மனைவி கெர்ட்ரூடோடு சேர்ந்து வீட்டுச் சமையலறைத் திரைச்சீலையில் குச்சியே இல்லாத பட்டம் செய்தார். 1964இல் டொமினா ஜால்பெர்ட் அறை அறையாகத் தைத்த துணிப்பட்டம் கொண்டுவந்தார். வாய் வழியாகக் காற்றை வாங்கித் தானே உப்பிக்கொள்ளும். 2022 ஆகஸ்டில் மாமல்லபுரம் பட்டத் திருவிழாவில் குச்சியில்லாமல் உப்பி நின்ற பெரிய பெரிய உருவங்கள் எல்லாம் அந்த வம்சம்.

தண்ணீரில் விளையாட வேறு சிக்கல். பட்டம் கடலில் விழுந்தால் ஈரத் துணிதான். 1990களில் போயிங்கில் வேலைபார்த்த பில் ரோஸ்லரும் மகன் கோரியும் கைப்பிடியிலேயே ஒரு ராட்டினம் வைத்து, விழுந்த பட்டத்தைச் சுருட்டி இழுத்து மறுபடி ஏற்றினார்கள். கிணற்றில் குடம் விழுந்த வீட்டு வேலை. பிரான்சின் பிரிட்டனிக் கரையில் புருனோ, டொமினிக் லெகேன்யூ சகோதரர்கள் அதற்கு முன்பே, 1984 நவம்பரில், வேறு வழி பதிவுசெய்திருந்தார்கள். நம் பையன்கள் லாரி டியூப்பைப் பிடித்துக்கொண்டு நீச்சல் பழகுவதுபோல, பட்டத்தின் முன்விளிம்பில் காற்றடித்த குழாய். மிதக்கும், உருவம் கலையாது, திரும்ப எழும்பும். பத்து வருஷம் ஒருவரும் சீந்தவில்லை. எல்லோரும் பாய்மரப் பலகை மோகத்தில் இருந்தார்கள். 1990களின் கடைசியில் ஹவாயின் மாவீ தீவில் நாலு பிரபலங்கள் எம்பிக் குதித்த பிறகுதான் உலகம் ‘அட!’ என்றது.

அந்தப் பழைய பட்டம் பார்வைக்கு ஆங்கில ‘சி’ எழுத்து. இழு என்றால் இழுக்கும். நிறுத்து என்றால் காதில் விழாது. பலத்த காற்றடித்தால் ஆளைக் கொண்டுபோய்ச் சுவரில் அறையும், செத்தவர்களும் உண்டு. 2005 வாக்கில் அதே புருனோ வில்போல் வளைந்த பட்டத்தைக் கொண்டுவந்தார். தட்டையான உடம்பு, உள்வாங்கிய பின்விளிம்பு, முன்விளிம்பில் கிளைகிளையாகச் சூத்திரம். கையிலிருக்கும் கம்பியைத் தள்ளினால் பட்டம் தலையைச் சாய்த்துக்கொண்டு ஏறக்குறைய முழு பலத்தையும் விட்டுவிடும். மொட்டைமாடிப் பையனின் அரை விரற்கடை, இப்போது கைக்குள். காற்றிடம் ‘நிறுத்து’ என்று சொல்ல 180 வருஷம் ஆனது.

ஜால்பெர்ட் வம்சத்துத் துணிப்பட்டம்தான் பந்தயக்காரர்களுக்குப் பிடிக்கும். மெல்லிய காற்றிலும் இழுக்கும், காற்றை எதிர்த்து நன்றாக ஏறும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்தப் பந்தயத்துக்குப் பதக்கமே கொடுத்தார்கள். மார்செய் கடலில் காற்று வராமல் பந்தயங்கள் தள்ளிப்போயின. ஆண்கள் தங்கம் ஆஸ்திரியாவுக்கு. ஆஸ்திரியாவுக்குக் கடலே கிடையாது. ஆயிரம் கிலோமீட்டர் கரை வைத்துக்கொண்டு நாம் சுண்டல் சாப்பிட்டோம்.

கோவளத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் வரை எது சரிப்படும் என்று கேட்டால், பெரிய அளவு வில்பட்டம் என்பேன். கோடையில் மத்தியானத்துக்கு மேல் வரும் கடற்காற்று அவ்வளவு பலமில்லை. ஆனால் கரையோரமாகவே அலை உடைகிறது. அங்கே துணிப்பட்டத்தைப் போட்டால் உப்புத்தண்ணீர் மூட்டையாகத்தான் எடுப்பீர்கள். ஆனி, ஆடியில் காலை மேல்காற்றைக் கண்டு ஆசைப்பட்டு இறங்கினால் அடுத்த கரை அந்தமான். பலமான, சீரான காற்று வேண்டுமானால் ராமேஸ்வரம் போங்கள், இல்லை இலங்கையின் கற்பிட்டிக்குப் போங்கள்.

இங்கேயே ஆசைப்பட்டால், ஃபைபர் படகுகளுக்கும் உலரும் வலைகளுக்கும் எட்டத்தில் பட்டத்தை ஏற்றுங்கள். உங்கள் நான்கு கயிறும் இருபது மீட்டருக்கு மேல் நீளம். அது யாருடைய வலையிலாவது சிக்கினால் விழப்போகும் வசவை நிறுத்த எந்தப் பட்டத்திலும் கம்பி கிடையாது.