அப்பா வர்றார், புல்லாங்குழலை ஒளிச்சு வை!

குடும்ப நகைச்சுவைத் தொடருக்கு என்ன வேண்டும்? மூக்கு நுனியில் கோபம் வைத்திருக்கும் அப்பா. அவருக்குத் தெரியாமல் காரியம் சாதிக்கும் அம்மா. வாய்த்துடுக்கான அக்கா. அப்பாவுக்கு எது ஆகாதோ அதையே தேடிப் பிடித்துச் செய்யும் தம்பி. 1720களில் பெர்லின் அரண்மனையில் இவ்வளவும் தயார். டிவிதான் இல்லை.

அப்பாவின் பெயர் முதலாம் பிரெடெரிக் வில்லியம், பிரஷ்யாவின் ராஜா. அவருடைய அப்பா ஓர் ஊதாரி. 1701இல் கேனிக்ஸ்பெர்க்கில் தன் தலையில் தானே கிரீடத்தை வைத்துக்கொண்ட ஆசாமி. 1713இல் அவர் கண்ணை மூடியதும் மகன் கணக்கு நோட்டோடு உட்கார்ந்தார். அரண்மனை ஆட்களில் பெரும்பாலோர் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். குதிரை போச்சு, நகை போச்சு, வெள்ளிச் சாமான் உருக்குப் பட்டறைக்குப் போச்சு. மிச்சம் பிடித்த காசெல்லாம் பட்டாளத்துக்கு. 40,000 பேருக்கும் குறைவாக இருந்த படை, அவர் காலம் முடிவதற்குள் 80,000 ஆயிற்று.

ஆடம்பரம் என்று அவருக்கு இருந்தது ஒன்றே ஒன்றுதான்: நெட்டையான ஆட்கள். போட்ஸ்டாமில் அவர் வைத்திருந்த செல்லப் படையில் சேர ஆறு பிரஷ்ய அடி, அதாவது சுமார் 188 சென்டிமீட்டர் உயரம் வேண்டும். தன் அப்பா ஆசை ஆசையாகச் செய்யச் சொன்ன ஆம்பர் அறைப் பலகைகளை 1716இல் ரஷ்யாவின் பீட்டருக்குத் தூக்கிக் கொடுத்தார். பீட்டர் பதிலுக்கு நெட்டை ரஷ்யர்களை அனுப்பிவைத்தார். இரண்டு பேருக்கும் பரம திருப்தி. அந்த நெட்டையர்களை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

ஆக, காசு விஷயத்தில் எச்சில் கையால் காக்கா ஓட்டாத மனிதர். கோபத்தை மட்டும் வாரி வாரி இறைத்தார்.

கையில் எப்போதும் ஒரு பிரம்பு. பெர்லின் தெருவில் ராஜா நடந்து வருகிறார் என்றால் ஊரே சந்துபொந்துகளில் புகுந்துகொள்ளும். சந்தைக்காரிகள்கூட வியாபாரம் இல்லாத நேரத்தில் சும்மா உட்காரக் கூடாது, நூல் நூற்கவோ பின்னவோ வேண்டும் என்று உத்தரவு. ஒருநாள் அவரைப் பார்த்து ஓடிய ஒருவனைத் துரத்திப் பிடித்து, ஏன் ஓடினாய் என்று கேட்டாராம். பயமாக இருந்தது என்றான், பாவம், உண்மையைச் சொல்லிவிட்டான். பயப்படக் கூடாது, என்மேல் அன்பு வைக்க வேண்டும் என்று சொல்லிச் சொல்லி அடித்தாராம். கதையாகவே இருக்கலாம். ஆனால் வேறு எந்த ராஜாவைப் பற்றியும் ஊரார் இப்படி ஒரு கதை கட்டவில்லையே!

ராணி சோஃபியா டோரத்தியா அவருக்கு மாமன் மகள். முறைப்பெண்தான். ஆனால் அவளுடைய அண்ணன் பிற்பாடு இங்கிலாந்தின் இரண்டாம் ஜார்ஜ் ஆனவன். சின்ன வயதில் நம்மவர் கையால் உதை வாங்கியவன். மச்சான்கள் இருவரும் சாகிறவரை ஒருவரையொருவர் கரித்துக்கொட்டினார்கள். ராணிக்கோ, மூத்த மகளை லண்டனில் கொடுக்க வேண்டும், மகனுக்கு லண்டனில் பெண் எடுக்க வேண்டும் என்று ஒரே பிறந்த வீட்டு மோகம். பதினான்கு பிள்ளைகள் பெற்று, பத்துப் பேரை ஆளாக்கி, இத்தனைக்கும் நடுவில் கணவனுக்குத் தெரியாமல் வெளிநாட்டுக் கடிதப் போக்குவரத்தும் நடத்தினாள். சும்மா சொல்லக் கூடாது, கெட்டிக்காரி.

மகன் ஃபிரிட்ஸ். 1712இல் பிறந்தவன். பையன் படிப்புக்கு ராஜா போட்ட அட்டவணையில் எழுந்திருப்பதும் ஜெபமும் தலைசீவலும் நிமிஷக் கணக்கு. லத்தீன் கூடவே கூடாது. ஒரு வாத்தியார் ரகசியமாகப் புனித ரோமானியப் பேரரசின் ‘பொன் சாசன’த்தை லத்தீனில் நடத்திக்கொண்டிருந்தபோது அப்பா உள்ளே வந்துவிட்டார். பொன் சாசனமா, இரு, உனக்கு நான் எழுதுகிறேன் சாசனம் என்கிற தினுசில் பிரம்பு உயர்ந்தது. அந்த வீட்டில் லத்தீன் பாடம் அத்தோடு முடிந்தது.

இதைவிடப் பிரமாதமான எபிசோட் குவான்ஸுடையது. டிரெஸ்டனிலிருந்து புல்லாங்குழல் வித்வான் குவான்ஸ் ரகசியமாக வந்து பையனுக்குச் சொல்லிக்கொடுப்பார். பையன் உடனே இறுக்கமான ராணுவ உடுப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, சரிகை அங்கியை மாட்டி, தலைமுடியைப் பாரிஸ் பாணியில் முடிந்துகொள்வான். ஒருநாள் வாசலில் காவல் நின்ற நண்பன் காட்டே ஓடிவந்தான். அப்பா வருகிறார்! காட்டேயும் குவான்ஸும் புல்லாங்குழல்களை அள்ளிக்கொண்டு, அடுப்புக்கு விறகு வைக்கும் பொந்துக்குள் புகுந்தார்கள். அப்பா அறையெங்கும் துழாவினார். அங்கியை நெருப்பில் போட்டார், பிரெஞ்சுப் புத்தகங்களைக் கடைக்காரருக்கு அனுப்பினார். விறகுப் பொந்தை மட்டும் திறக்கவில்லை. உள்ளே வித்வான் கிடுகிடு என்று நடுங்கிக்கொண்டிருந்தார். ராஜாவுக்குப் பிடிக்காத சிவப்பு நிறத்தில் கோட்டு வேறு. இதே குவான்ஸைத்தான் ஃபிரிட்ஸ் ராஜாவானதும் ஆண்டுக்கு 2,000 தாலர் சம்பளத்தில் பகிரங்கமாகக் கூட்டிவந்தான். அப்பா மிச்சம் பிடித்த காசு!

சாப்பாட்டு மேஜையில் தட்டு பறந்த கதையை எழுதி வைத்தவள் அக்கா வில்ஹெல்மினே. உப்பும் காரமும் தூக்கலாகப் போடுகிறவள் என்று வரலாற்றாசிரியர்கள் முகம் சுளிப்பார்கள். எனக்கு அவள் சமையல்தான் பிடித்திருக்கிறது. கீல்வாதத்தால் அப்பா சக்கர நாற்காலியில் இருந்த சமயம். முதல் தட்டு தம்பியின் தலையைக் குறிவைத்து வந்து தவறியது, அடுத்தது இவளுக்கு. எழுந்து போகும்போது ஊன்றுகோல் வீச்சு, அதற்கும் தப்பினாள். அப்பா விடவில்லை, நாற்காலியிலேயே துரத்தினார். வண்டி இழுத்த வேலைக்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? அவள் ஓடி மறைய அவகாசம் கொடுத்து இழுத்தார்கள். அந்த அரண்மனையில் ராஜதந்திரம் தெரிந்தவர்கள் அவர்கள்தான்.

கீல்வாதம் படுத்திய வேளைகளில் அவர் படம் வரைவார், கீழே ‘வேதனையில் தீட்டியது’ என்று கையெழுத்தும் போடுவார். அந்த வேதனை நிஜம், மறுப்பதற்கில்லை. ஆனால் கால் நன்றாக இருந்த நாட்களிலும் பிரம்பு ஓய்ந்துவிடவில்லை.

1730இல் சாக்சனியின் ஆட்சியாளர் நடத்திய ராணுவ விழாவில், ஊர் பார்க்க மகனை அடித்தார். என் அப்பா என்னை இப்படி நடத்தியிருந்தால் சுட்டுக்கொண்டு செத்திருப்பேன், இவனுக்கு உறைக்கவே உறைக்காது என்று வேறு சொன்னாராம். உறைத்தது. அந்த ஆகஸ்டில், ஜெர்மனியின் தென்மேற்கே ஸ்டைன்ஸ்ஃபுர்ட் கிராமத்தில் தங்கியிருந்தபோது பதினெட்டு வயது ஃபிரிட்ஸ் ஓடப் பார்த்தான். குதிரை கொண்டுவரச் சொன்ன பணியாள் பையன் பயத்தில் எல்லாவற்றையும் ராஜாவிடம் கொட்டிவிட்டான்.

இதற்கு மேல் பின்னணிச் சிரிப்பு சேர்க்க எனக்கு மனம் வரவில்லை. ஓடும் திட்டத்துக்கு உடந்தை என்று பெர்லினில் இருந்த காட்டே கைதானான். ராணுவ நீதிமன்றம் ஆயுள் சிறை கொடுத்தது. ராஜா அதை மரண தண்டனையாக மாற்றினார். காட்டேயின் தாத்தா ஒரு ஃபீல்டு மார்ஷல், அவர் கெஞ்சியும் பலிக்கவில்லை. நவம்பர் 6ஆம் தேதி, கியூஸ்ட்ரின் கோட்டையில் காட்டேயின் தலை வெட்டப்பட்டது. வயது 26. மகனை ஜன்னலருகே நிறுத்திப் பார்க்க வைக்கச் சொன்னார் அப்பா. மகன் மயங்கி விழுந்தான். குழலோடு விறகுப் பொந்தில் ஒளிந்த அதே காட்டே.

லண்டன் சம்பந்தம் இரண்டும் கைகூடவில்லை. அக்காவை 1731இல் பைராய்ட்டுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். தம்பிக்கு 1733இல் அப்பா கைகாட்டிய பெண். 1740இல் அப்பா சாகும்போது கஜானாவில் 80 லட்சம் தாலருக்கு மேல் இருந்தது. சண்டை போட்டால் செலவாகும் என்று அவர் பொத்திப் பொத்தி வைத்த அந்தப் படையை, புல்லாங்குழல் வாசித்த பிள்ளை அதே டிசம்பரில் சைலீசியாவுக்குள் ஓட்டிக்கொண்டு போனான். நெட்டையர் படையை அதற்கு முன்பே கலைத்தாயிற்று.

அப்பாவின் கடைசி நோயைப் பற்றி ஒன்று சொல்வார்கள். எதிரிகளையெல்லாம் மன்னித்தால்தான் சொர்க்கம் என்று பாதிரியார் கறாராகச் சொல்லிவிட்டார். மச்சான் ஜார்ஜையுமா? ஆமாம், அவரையும்தான். ராஜா நெடுநேரம் முனகிவிட்டு மனைவியைக் கூப்பிட்டார். உன் அண்ணனை நான் மன்னித்துவிட்டேன் என்று அவனுக்கு எழுது, ஆனால் நான் செத்த பிறகு எழுது என்றாராம்.