எடைக்கு எடை

அலுமினியம் இரும்பைவிட லேசு, சீக்கிரம் உருகும். அப்புறம் ஏன் சார் அலுமினிய பிளாக் எஞ்சினுக்கு மட்டும் விலை கூட?
– ஒரு வாசகர், நெமிலி

நசுங்கின அலுமினியக் குண்டானையும் துருப்பிடித்த இரும்புத் துண்டையும் பழைய இரும்புக் கடையில் நீட்டுங்கள். கடைக்காரர் எதற்குக் கிலோவுக்குக் கூடுதலாகத் தருகிறார்? அலுமினியத்துக்குத்தான். காரணம், அதைப் பிரிக்கும் செலவு.

பாக்சைட்டிலிருந்து அலுமினாவை எடுத்து, அதிலிருந்து ஒரு கிலோ அலுமினியம் பிரிக்க ஏறக்குறைய 14 யூனிட் மின்சாரம் வேண்டும். மேட்டூர் மால்கோ ஆலை 2008-ல் அலுமினியம் உருக்குவதை நிறுத்தியது. ஆனால் அதற்காகக் கட்டிய மின் நிலையம் ஓடியது, மின்சாரத்தை விற்றார்கள்! உலோகத்தைவிட அதைப் பிரிக்கும் கரண்டுக்கே கிராக்கி. பிளாக்கின் எடை பாதியாகக் குறைந்தாலும், கிலோ விலை பல மடங்கு என்பதால் மிச்சம் நிற்காது. போதாக்குறைக்கு, பிஸ்டன் உரசும் இடம் தேயாமலிருக்கப் பெரும்பாலான அலுமினிய பிளாக்குகளுக்குள்ளும் வார்ப்பிரும்பு லைனர்தான்.

ஓடுகிற காருக்கு எடை குறைந்தால் பெட்ரோல் மிச்சம். அங்கே கூடுதல் விலைக்கு நியாயம் உண்டு. கிணற்றடியில் நின்ற இடத்திலேயே ஓடும் டீசல் பம்புசெட்டுக்கு எடை ஒரு பொருட்டே இல்லை. அதற்கு இரும்பு பிளாக்கே வாங்குங்கள். தேய்ந்தால் ரீபோர் செய்து கொள்ளலாம்.