பழைய நம்பர், புது உடம்பு

இங்கிலாந்தின் ஆபிங்டன் ஆலையில் 1962 முதல் 1980 வரை 5 லட்சத்துக்கும் மேல் தயாரான எம்.ஜி.பி. ஸ்போர்ட்ஸ் கார், மழை நாட்டில் பிறந்தும் மழைக்கு ஆகாத பிறவி. கதவுக்குக் கீழே ஓடும் சில் பகுதி உள்ளிருந்தே துருப்பிடிக்கும். மேலே பெயின்ட் பளபளக்கும். ஜாக்கி வைத்துத் தூக்கினால்தான் குட்டு வெளிப்படும்.

அதற்கும் வழி இருக்கிறது. பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் நிறுவனம் பழைய அச்சுகளைத் தேடிப்பிடித்து, 1988 முதல் புத்தம் புது பாடியையே அடித்துத் தருகிறது. அதில் புது வயரிங், புது சீட், ஃபோர்டு சியராவிலிருந்து கழற்றிய ஐந்து கியர் பெட்டி. மிஞ்சுவது நம்பர் பிளேட்தான். உரிமையாளரிடம் கேட்டுப் பாருங்கள், ‘1965 மாடல், அப்படியே இருக்கு’ என்பார், கண்ணிமைக்காமல்.

1974இல் அமெரிக்க விதிகளுக்குப் பணிந்து கம்பெனி கறுப்பு ரப்பர் பம்பர் மாட்டி, காரின் உயரத்தையும் ஏற்றியது. இன்று அந்தக் கார் கையில் கிடைத்தவர் முதலில் செய்வது, பம்பரைப் பிடுங்கிவிட்டுக் குரோம் மாட்டுவது. சரித்திரத்தைப் பாதுகாப்பதுதான் லட்சியம். பிடித்த வருடத்துச் சரித்திரமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மின்சாரம் தனிக் கதை. லூகாஸ் கம்பெனி மின்சாமான்களின் லட்சணத்தைப் பார்த்து, கம்பெனியின் நிறுவனர் ஜோசப் லூகாஸுக்கு ‘இருளின் இளவரசர்’ என்று ரசிகர்களே பட்டம் சூட்டினார்கள். ஆகவே டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் யாருக்கும் தெரியாமல் எலெக்ட்ரானிக் இக்னிஷன் குடியேறும். அதன் மேலும் நம்பிக்கை வராமல், பழைய பாயின்ட் செட் ஒன்று டிக்கியில் துணைக்கு வரும்.