பொன்மலையும் கொஞ்சம் பித்தளையும்

பிறந்தது திருச்சி பொன்மலை. பிழைக்க வந்தது துபாய் சோனாப்பூர். அதற்குத் 'தங்க ஊர்' என்று பொருள் சொல்வார்கள் இந்திக்காரர்கள். அரசாங்கக் காகிதத்தில் முஹைஸ்னா 2. இரண்டு ஊர்ப் பெயரிலும் இத்தனை பொன் இருந்தும் என் கைக்கு வந்தது பித்தளைதான். அதுவும் ஹோட்டல் அலங்கார வேலையில் வெட்டி மிஞ்சிய அரை மில்லிமீட்டர் தகடு.

ஃபோர்மேன் சேட்டனிடம் கேட்டு வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் ஒர்க்‌ஷாப் மூலையில் நீலகிரி மலை ரயிலின் எக்ஸ் கிளாஸ் எஞ்சினைச் செய்ய உட்கார்ந்தேன். சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் பிறந்த குலம் அது. பின்னாளில் எங்கள் பொன்மலைப் பணிமனையிலும் செய்தார்கள். அப்பா அங்கே ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மேசையில் ஒன்று நிற்கட்டுமே என்று ஆசை.

ஆசைக்கு முதல் எதிரி சால்டரிங் அயர்ன். பித்தளை சூட்டை ஓரிடத்தில் வைத்துக்கொள்ளாது. தெருக்குழாயடிச் சேதி மாதிரி நிமிஷத்தில் எல்லா மூலைக்கும் கொண்டுபோய்விடும். டோமைப் பற்றவைத்தால் புகைபோக்கி கழன்று விழும். புகைபோக்கியை நிமிர்த்தினால் டோம் படுத்துக்கொள்ளும்.

சேட்டன் வழி சொன்னார்: ரெசிஸ்டன்ஸ் சால்டரிங். வோல்ட் கொஞ்சம், ஆம்பியர் ஏராளம். தகட்டில் ஒரு வயரைக் கவ்வவிட்டு, மறு வயரின் நுனியிலுள்ள கார்பன் குச்சியை இணைப்பில் அழுத்தி, கால் சுவிட்சை மிதித்தால் தொட்ட இடம் மட்டும் சுடும். பக்கத்து இணைப்புக்குச் சேதி போவதற்குள் வேலை முடிந்துவிடும்.

குப்பைக்குப் போன மைக்ரோவேவ் அடுப்பின் டிரான்ஸ்ஃபார்மரை அவரே பிரித்தார். என்னைத் தொடவிடவில்லை. அதன் பழைய சுற்றில் 2,000 வோல்ட் வருமாம். "ஊருக்குப் பெட்டியோட போகணும், பெட்டியில போகக் கூடாது" என்றார். அந்தச் சுற்றை அறுத்தெறிந்து, தடித்த வெல்டிங் கேபிளை மூன்று சுற்று சுற்றினார். ஏறக்குறைய மூன்று வோல்ட். கார்பன் குச்சி, உடைத்த பேட்டரிக் கட்டையிலிருந்து வந்தது. சின்ன வயதில் சுவரில் ஸ்டம்ப் வரைந்த அதே கறுப்புக் குச்சி!

முறை இதுதான்: முதலில் அழுத்து, பிறகு மிதி. ஈயம் மினுங்கி ஓடியதும் காலை எடு. ஈயம் இறுகும்வரை கை அசையக் கூடாது. என் உடம்பிலோ காலுக்கும் கைக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. கை எழுந்துவிட்டது, கால் மிதித்தபடியே இருந்தது. பட்டென்று ஒரு பொறி. தண்ணீர்த் தொட்டித் தகட்டில் மிளகளவு ஓட்டை.

அறைக்குக் கொண்டுவந்து காட்டினேன். கீழ்க்கட்டில் கீழக்கரை பாய் அதை லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். "மாஷா அல்லாஹ், சன்னல் வச்சிருக்கீங்களே தம்பி. ஊட்டிக் காத்து நல்லா வரும்."

மனைவியிடம் ஃபோனில், இந்த 60/40 ஈயப்பற்று 190 டிகிரி வாக்கில் உருகும் என்று விளக்கினேன்.

"ஈயம் உருக்கத் துபாய் போகணுமாங்க? அத்தையோட ஈயச் சொம்பை ரசம் ஊத்த மறந்து அடுப்புல வச்சேன். ரெண்டே நிமிஷம்."

அது சுத்த வெள்ளீயம், 232 டிகிரி என்று திருத்தினேன். அம்மா சீராகக் கொண்டுவந்த சொம்பு போய்விட்டது என்பது ஃபோனை வைத்த பிறகுதான் உறைத்தது.

ஏழெட்டு ஞாயிறு போயின. கம்பெனி பஸ்ஸில்கூடப் பயிற்சி செய்தேன்: விரலை முன்சீட்டில் அழுத்தி, மிதித்து, காலை எடுத்து, விரலை விடாமல் மூன்றுவரை எண்ணுவது. பக்கத்து சீட்டுக்காரர் இடம் மாறிவிட்டார்.

கடைசியில் புகைபோக்கி, டோம், தொட்டி எல்லாம் ஒரே நேரத்தில் ஒரே எஞ்சினில் நின்றன. 'சன்னலை' ஒரு ரிவெட் வைத்து மறைத்தேன். வீடியோவில் அப்பாவுக்குக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அடியைத் திருப்பச் சொன்னார்.

"பல்சக்கரம் எங்கடா?"

"அது வந்துப்பா..."

"பல்சக்கரம் இல்லாட்டி இது கல்லாறு வரைக்கும்தான் போகும். அதுக்கு மேல யாரு தள்ளுவா, நீயா?"